காசு கட்டாத கோழி

போன மாதம் சேலத்திலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். அவனை அவர்கள் கிறிஸ்தவ சபைக்குப் பொருளாளராகப் போட்டிருக்கிறார்களாம். "அண்ணா, என்னென்ன நோட்டு வைக்கணும், ரசீது புக் எப்படி அடிக்கணும், சொல்லுங்க" என்று கேட்டான். ரொக்கப் புத்தகம், பேரேடு, வவுச்சர் ஃபைல் என்று அரை மணி நேரம் சொன்னேன். போனை வைத்த பிறகுதான், சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லையே என்று உறுத்தியது. அவனுக்கும் அவனைப் போன்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

2013 முதல் 2021 வரை எங்கள் சபையின் பணம் என் கையில்தான் இருந்தது. ஏற்காட்டு மலையில் அறுபது குடும்பம் உள்ள சின்ன சபை. பாதிக்கு மேல் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். மற்றவர்கள் டீச்சர், டிரைவர், கடை வைத்திருப்பவர்கள். நான் எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், பேர் போடுவது, சாயங்காலம் பழம் எடை போட்டு எழுதுவது, வாரக் கடைசியில் கூலிக் கணக்கு முடிப்பது, இதுதான் என் வேலை. "கணக்குத் தெரிஞ்ச ஆளு" என்றுதான் கமிட்டியில் என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள்.

எங்கள் சபைக்குப் பெரிய வரவு அறுப்பின் பண்டிகைதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த டேவிட் காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்கு வந்த காப்பிதான் இன்றுவரை எங்கள் நாள்காட்டியை நடத்துகிறது. நவம்பரில் பழம் எடுக்கத் தொடங்கினால் முடிய ஜனவரி, சில வருஷம் பிப்ரவரிகூட ஆகிவிடும். அதனால் நாங்கள் பிப்ரவரியில்தான் அறுப்பின் பண்டிகை வைப்போம். காப்பிக்கொட்டை, மிளகு, சௌசௌ, வாழைத்தார், முட்டை, வீட்டில் செய்த கேக், கையால் பின்னிய கூடை என்று பீடத்துக்கு முன்னால் குவிந்துவிடும். ஆராதனை முடிந்து சாப்பாடு, சாப்பாடு முடிந்து ஏலம். ஏலம் விடுவது பொருளாளர்.

2016 பிப்ரவரி ஏலத்தில் ஒரு கோழி வந்தது. செந்நிற நாட்டுக்கோழி. எங்கள் தோட்டத்திலேயே வேலை செய்கிற ஒரு அக்கா கொண்டு வந்தார். கணவர் இறந்து நாலு வருஷம், தோட்டத்து லயன் (வரிசை) வீட்டில் இருபது வயது மகனோடு இருப்பவர். கட்டைப் பைக்குள் கோழியை வைத்து, தலை மட்டும் வெளியே தெரியும்படி மடியில் அணைத்துக்கொண்டு ஆராதனை முழுவதும் உட்கார்ந்திருந்தார்.

இருநூறில் தொடங்கினேன். சேலத்திலிருந்து பண்டிகைக்கு வந்திருந்த ஒரு குடும்பத்தார் முந்நூறு என்றார்கள். அக்காவின் மகன் நானூறு என்றான். அம்மா கொண்டு வந்த கோழியை வேறு யாருக்கும் விடக்கூடாது என்று அவனுக்கு. ஐந்நூறு, எழுநூறு, ஆயிரம் என்று ஏறியது. வாலிபப் பிள்ளைகள் பின்னால் நின்று கை தட்டினார்கள். ஆயிரத்து ஐந்நூறு தாண்டியதும் அந்த அக்கா மகன் சட்டையைப் பிடித்து இழுத்ததை நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. "சபைக்காகத்தானே, ஏத்துங்க, ஏத்துங்க" என்று மைக்கில் சொன்னது நான்தான். மூவாயிரத்து அறுநூறு ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். அவனுக்கு அது அரை மாதக் கூலி. கையில் காசு இல்லை, அப்புறம் தருகிறேன் என்றான். சரி என்று எழுதிக்கொண்டேன். அப்படிப் பலரும் சொல்வது வழக்கம். ஏலப் பாக்கி என்று தனி நோட்டே இருந்தது.

மார்ச் 31க்குள் கணக்கு முடிக்க வேண்டும். அந்த வருஷம் மார்ச் 20 குருத்தோலை ஞாயிறு, கோயில் நிறைய ஆட்கள் இருந்தார்கள். அறிவிப்பு நேரத்தில் எழுந்து பாக்கிப் பட்டியலை வாசித்தேன். பேர், பொருள், தொகை. பத்தொன்பது பேர். தோட்டத்தில் செக்ரோல் வாசிக்கிற அதே குரலில் வாசித்தேன். "நாட்டுக்கோழி ஒன்று, மூவாயிரத்து அறுநூறு" என்று வந்தபோது யாரோ லேசாகச் சிரித்தார்கள். அந்த அக்கா மூன்றாவது வரிசையில் குருத்தோலையைக் கையில் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஈஸ்டருக்கு அவர்கள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. தோட்டத்தில் தினமும் செக்ரோலில் அந்த அக்காவின் பேரைப் போட்டேன், கோயிலுக்கு ஏன் வரவில்லை என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் பாக்கியைக் கேட்பதுபோல் ஆகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆகஸ்டில் ஒரு நாள் ஆயர் வந்து, "ரைட்டர், வாங்க, ரெண்டு பேரும் போய்ப் பார்த்துட்டு வருவோம்" என்று கூப்பிட்டார்.

மழை விட்டும் மூடுபனி விடாத சாயங்காலம். அந்த அக்கா எங்களைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வாங்கய்யா, வாங்க ரைட்டரய்யா" என்றார். கோயிலில் அவர் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். ரைட்டரய்யா என்பது தோட்டத்துப் பேச்சு. அவர் வீட்டுத் திண்ணையில் வைத்து அந்த வார்த்தையைக் கேட்டபோது, பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு கூலிக் கணக்கு கேட்கப் போனவன்போல நின்றேன்.

வரக்காப்பி கொடுத்தார். குடித்துக்கொண்டிருக்கும்போது செந்நிறக் கோழி ஒன்று உள்ளே வந்து அடுப்பு மூலையில் சாக்கு மேல் ஏறி உட்கார்ந்தது.

"அந்தக் கோழிதானா அக்கா?"

"அதேதானுங்க. காசு கட்டாத கோழி. அத எப்பிடிங்க அறுக்கறது?"

எழுந்து போய்ப் பரணிலிருந்து ஒரு போர்ன்விட்டா டப்பாவை எடுத்து வந்தார். பத்து ரூபாய் நோட்டுகளும் சில்லறையும். தரையில் கொட்டி எண்ணினார். முந்நூற்று நாற்பது ரூபாய். "முட்டை வித்த காசுங்க. கோழி கோயிலோடதுன்னா முட்டையும் கோயிலோடதுதானுங்களே. ஒண்ணுகூட நாங்க எடுக்கல. எழுதிக்குங்க. மீதிய பையன் குடுத்துருவான்."

எனக்குப் பேச்சு வரவில்லை. வேண்டாம் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். ஆயர் என் கையை லேசாக அழுத்தினார். இரண்டு கையாலும் அந்தக் காசை வாங்கி, அந்த வீட்டுக்காக ஜெபித்தார். பிறகு ரசீது எழுதச் சொன்னார். "எந்தக் கணக்குல எழுதட்டும் ஐயா, ஏலப் பாக்கியா?" என்றேன். "காணிக்கைன்னு எழுதுங்க" என்றார். அந்த ரசீதை அந்த அக்கா இரண்டு தடவை பார்த்துவிட்டு பைபிளுக்குள் வைத்தார். அன்றைக்கு நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவரிடம் மிச்சம் இருந்ததையும் பிடுங்கியிருப்பேன் என்பது எனக்குத் திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

வழியில் ஆயர் அதிகம் பேசவில்லை. வீட்டுக்கு வந்து நான் குருத்தோலை ஞாயிற்றுப் பகுதியைத் திரும்ப எடுத்து வாசித்தேன். இயேசு எருசலேமுக்குள் வந்து தேவாலயத்தில் கவிழ்த்தது எதை? காசு மாற்றிக் கொடுக்கிற காசுக்காரரின் பலகைகளை. அதோடு புறா விற்கிறவர்களின் ஆசனங்களையும். புறா ஏன் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. லேவியராகமம் 5ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: ஆட்டுக்குட்டி கொண்டுவர வசதி இல்லாதவன் இரண்டு காட்டுப்புறாவையோ புறாக்குஞ்சையோ கொண்டுவரலாம், அதற்கும் வசதி இல்லையென்றால் ஒரு எப்பா அளவான மாவில் பத்தில் ஒரு பங்கு போதும். நியாயப்பிரமாணமே ஆளின் நிலைமையைப் பார்த்து இறங்கி வருகிறது. மரியாளும் யோசேப்பும் குழந்தை இயேசுவைத் தேவாலயத்துக்குக் கொண்டு வந்தபோது கொடுத்ததும் அந்தப் புறா வகைதான் என்று லூக்கா 2இல் வருகிறது. ஏழைகளின் காணிக்கைப் பொருள் விற்கிற அந்த ஆசனத்தைத்தான் அவர் கவிழ்த்தார். ஏழை கொண்டு வந்ததை வைத்து அந்த ஏழையையே கடனாளி ஆக்கின நானும், அதே ஞாயிற்றுக்கிழமை, அப்படி ஒரு ஆசனத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து மாற்கு 12. இரண்டு காசு போட்ட ஏழை விதவை. எங்கள் பக்கம் காணிக்கைப் பிரசங்கம் என்றால் முதலில் வருவது அவள்தான். ஆனால் அவளைப் பற்றிச் சொல்வதற்கு ஒரு வசனம் முன்னால்தான், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைப் பற்றி ஆண்டவர் கடுமையாகப் பேசுகிறார். இரண்டையும் சேர்த்து வாசித்தால் அந்தக் காட்சி வேறு மாதிரி தெரிகிறது. அவள் எவ்வளவு நல்லவள் என்பது மட்டும் அல்ல, அவள் ஜீவனத்துக்கு வைத்திருந்த எல்லாவற்றையும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் என்ன சாப்பிட்டாள் என்று அந்த ஆலயத்தார் கேட்டிருக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. இப்படி வாசிப்பதை ஒத்துக்கொள்ளாத போதகர்கள் உண்டு. அந்த டப்பாவிலிருந்து விழுந்த சில்லறையைப் பார்த்த பிறகு எனக்கு வேறு மாதிரி வாசிக்க முடியவில்லை.

கமிட்டி கூடியது. மூன்று வருஷத்து ஏலப் பாக்கி மொத்தம் 41,250 ரூபாய். அதை அப்படியே தள்ளுபடி செய்யலாம் என்று நான் சொன்னேன். உபாகமம் 15இல் ஏழாம் வருஷத்தில் கடனை விடச் சொல்லியிருக்கிறதே என்று ஆயரும் சேர்ந்து பேசினார். கடை வைத்திருக்கிற ஒரு அண்ணன் எழுந்தார். "நான் போன வருஷம் வாழைத்தார் எடுத்தேன். கையில இல்ல, வட்டிக்கு வாங்கிக் கட்டினேன். அப்ப கட்டினவன் எல்லாம் ஏமாளியா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடைசியில் வந்தவனுக்கும் முழுக் கூலி கிடைத்த திராட்சத்தோட்டத்து வேலையாட்கள் உவமையை எடுத்து அவர் வாயை அடைத்திருக்கலாம், ஆயர் அதைச் செய்யவில்லை. அடுத்த நாள் அவர் கடைக்கே போய் வெகுநேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார். அந்த அண்ணன் மனம் முழுதாக ஆறியது என்று சொல்ல மாட்டேன். தள்ளுபடியைக் கடைசியில் சபைக் கூட்டத்தில் வைத்துத்தான் முடிவு செய்தோம். 1827இல் சேலத்தில் ஊழியம் தொடங்கிய லண்டன் மிஷனரி சங்கத்தின் வழியில், சபைக் காரியத்தைச் சபையார் கூடித் தீர்மானிப்பது முன்னோர்கள் பழக்கிவிட்டுப் போன முறை. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகும் அந்தக் குணம் எங்கள் பக்கத்துச் சபைகளில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பாக்கியை விடுவதென்றால் கமிட்டியில் ஏழு பேர் மட்டும் விடக்கூடாது, கட்டினவர்களும் சேர்ந்துதான் விட வேண்டும்.

அடுத்த வருஷத்திலிருந்து ஏலத்தை மாற்றினோம். முக்கால்வாசிப் பொருளுக்கு சந்தை விலையை ஒட்டி விலைச்சீட்டு ஒட்டி மேசையில் வைத்துவிட்டோம், வேண்டியவர்கள் காசு கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பன்னிரண்டு பொருள் மட்டும் ஏலம். ஒவ்வொன்றுக்கும் உச்ச விலை முன்பே எழுதி வைத்திருப்போம், அதற்கு மேல் கேட்க விடுவதில்லை. அந்த விலைக்கு இரண்டு பேர் வந்தால் சீட்டுக் குலுக்கல். கையோடு காசு இல்லாதவருக்குப் பொருள் இல்லை. இதைக் கண்டிப்பாக வைக்க வேண்டும், இரக்கம் என்பதே இதில்தான் இருக்கிறது. "அப்புறம் குடு தம்பி" என்று நான் பெரிய மனது காட்டியதுதான் அந்தப் பையனைக் கோயிலை விட்டுத் துரத்தியது. முதல் வருஷம் வரவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கோயில் கூரை வேலையை ஒரு வருஷம் தள்ளிப் போட்டோம், மழைக்கு வாளி வைத்தோம்.

பேர் வாசிப்பதை அடியோடு நிறுத்தினோம். கொடுக்காதவர் பேர் மட்டும் அல்ல, கொடுத்தவர் பேரும்தான். ஐயாயிரம் கொடுத்தவர் பேரை வாசித்துக் கைதட்டினால், ஐம்பது ரூபாய் கொடுத்தவர் பேரை வாசிக்காமலே குறைத்தாகிவிட்டது. ரசீது எண்ணையும் மொத்தத் தொகையையும் மட்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். சந்தா பாக்கி இருந்தால் சபைத் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது என்பதால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அதற்கு நானோ செயலரோ நேரில் வீட்டுக்குப் போவோம், நாலு பேர் முன்னால் இல்லை. போகும்போது முதல் கேள்வி "எப்படி இருக்கீங்க" என்பதுதான். பாதி வீட்டில் அதற்குப் பதில் கேட்டு முடிக்கும்போதே பாக்கியைப் பற்றிக் கேட்க வேண்டிய தேவை போய்விடும். அந்த வீட்டுக்கு ஏழைகள் நிதியிலிருந்து கொடுக்க வேண்டிய நிலை என்று தெரிந்துவிடும்.

காணிக்கை எண்ணுவதில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் ஆராதனை முடிந்ததும் பைகளை வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தனியாக எண்ணுவேன். ஒரு பைசா தொட்டதில்லை. ஒரு தடவை, தான் போட்ட ஐந்நூறு ரூபாய் வரவில் இல்லை என்று ஒருவர் சொன்னார். எண்ணினது நான். ஆனால் பேச்சு என்னைத் தொடவில்லை, கோயிலைப் பெருக்கி மணியடிக்கிற பெரியவர் பக்கம் திரும்பியது. பைகளை ஆராதனை முடிந்து அறைக்கு எடுத்துப் போனது அவர்தான் என்பது மட்டுமே காரணம். மூன்று நாள் கழித்து, வெல்வெட் பையின் அடித்தையல் விட்டு உள்துணிக்கு நடுவில் அந்த நோட்டு மடிந்து கிடந்ததை என் மனைவி கண்டுபிடித்தாள். பெரியவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல தம்பி" என்றார். ஆனால் அதற்குப் பிறகு அவர் காணிக்கைப் பையைக் கையால் தொட்டதே இல்லை.

எருசலேம் பரிசுத்தவான்களுக்காகச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டு போகவில்லை. தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரையும் அனுப்புகிறார். கர்த்தருக்கு முன்பாக மட்டும் அல்ல, மனுஷருக்கு முன்பாகவும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8இல் காரணமும் எழுதுகிறார். நம்பிக்கை இல்லாததால் இரண்டு பேர் அல்ல. ஒருவர் மேலும் பழி விழாமல் இருக்கத்தான் இரண்டு பேர். அதனால் இப்படி மாற்றினோம்: கோயிலை விட்டு வெளியே போவதற்கு முன், ஒருவருக்கொருவர் உறவு இல்லாத இரண்டு பேர் எண்ண வேண்டும், மூன்றாவது ஆள் எழுத வேண்டும். எந்த நோட்டு எத்தனை, சில்லறை எவ்வளவு என்று சீட்டில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். பையை உள்புறம் வெளியே திருப்பிப் பார்க்க வேண்டும். பணம் திங்கட்கிழமை பாங்கில் இருக்க வேண்டும். பொருளாளர் எண்ணவே கூடாது. எண்ணுகிறவர்களை மாதம் ஒருமுறை மாற்றினால் நல்லது, தோட்ட வேலைக்குப் போகிறவர்களையும் டீச்சர்களையும் கலந்து போடுங்கள். சபைப் பணத்தைத் தன் கையால் எண்ணின குடும்பம் சபையைப் பற்றிப் பேசுகிற விதமே மாறிவிடும்.

கியூஆர் கோடு வைக்கிறீர்கள் என்றால் அது சபைக் கணக்கோடு இணைந்ததாக இருக்கட்டும். ஆயர் எண்ணோ பொருளாளர் எண்ணோ வேண்டவே வேண்டாம், எவ்வளவு அவசரம் என்றாலும். ஒட்டின படத்தின் மேல் வேறு யாரும் எதுவும் ஒட்டிவிடவில்லையே என்று வாரா வாரம் ஒரு ரூபாய் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வெளிநாட்டுப் பணம். எங்கள் சபைப் பிள்ளை ஒருவர் அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டார், கூரைக்குப் பணம் அனுப்புகிறேன் என்றார். பிறந்தது நம் ஊர் என்றாலும் குடியுரிமை மாறிவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி அனுமதியும், அதற்கென்று டெல்லியில் ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் கணக்கும் வேண்டும். சபையின் சாதாரண சேமிப்புக் கணக்கில் வாங்கக்கூடாது. வேண்டாம் என்று சொன்னபோது அவருக்கு வருத்தம்தான். துபாயில் இந்திய பாஸ்போர்ட்டோடு வேலை செய்கிற இன்னொரு பிள்ளை தன் சம்பாத்தியத்திலிருந்து பாங்க் வழியாக அனுப்பினால் அது அந்த வகையில் வராது. வித்தியாசம் தெரியாமல் வாங்கிவிட்டுப் பிறகு திண்டாடாதீர்கள்.

மாதக் கணக்கை ஒட்டினால் மட்டும் போதாது. எங்கள் சபையில் வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருக்கிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு, கரண்ட் பில்லுக்கு இவ்வளவு, மெழுகுவர்த்திக்கு இவ்வளவு, ஆஸ்பத்திரி உதவி இரண்டு பேருக்கு இவ்வளவு என்று பேச்சுத் தமிழில் இரண்டு நிமிஷம் சொல்வேன். யார் அந்த இரண்டு பேர் என்று சொல்ல மாட்டேன். 2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்து கோயில் பூட்டினபோது ஏழைகள் நிதியை எடுத்து அரிசி பருப்பு வாங்கிக் கொடுக்க ஒரே போன் கூட்டத்தில் முடிவானது. யாரும் கணக்கு கேட்கவில்லை, ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த அக்கா தள்ளுபடி முடிவான மறு ஞாயிறு வந்தார். அதே மூன்றாவது வரிசை. ஆராதனை முடிந்து வெளியே, "அண்ணா, நல்லா இருக்கீங்களா" என்று கேட்டார். மகன் வரவில்லை. அதற்குள் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரும்போது என்னைக் கண்டால் தலையை மட்டும் அசைப்பான். ஒருமுறை நிறுத்தி, "தம்பி, அன்னிக்கு மைக்குல ஏத்திவிட்டது நான்தான். என்னை மன்னிச்சிரு" என்று சொன்னேன். "விடுங்கண்ணா" என்றான், அவ்வளவுதான்.

சபைக் கணக்குக்குக் கியூஆர் வைத்த பிறகு, ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிவாக்கில் திருப்பூரிலிருந்து நூறு ரூபாய் வரத் தொடங்கியது. அவன் பேர்தான். குறிப்பு எதுவும் எழுதமாட்டான். பழைய கோழிப் பணத்தைத் தீர்க்கிறானா, வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை. நான் பொறுப்பை ஒப்படைக்கும் வரைக்கும் ஒவ்வொரு மாதமும் அதைக் காணிக்கை என்றே எழுதினேன்.